ஈடு வைத்த வீடு யாருடையது?

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



தொழில் நடக்கின்ற காலத்தில் வீட்டுப் பத்திரம் பெட்டிக்குள் இருக்கும். தொழில் நொடித்தால் அது பெட்டியை விட்டு வெளியே வரும். ஜவ்வாது மலையடிவாரத்து ஆலங்காயத்திலும், அதை அடுத்த வாணியம்பாடி, ஆம்பூர் பகுதிகளிலும் வாழ்வோருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தோல் பதனிடுவதும், ஷூ தைப்பதும், பீடி சுற்றுவதும், மலையிலிருந்து இறங்கும் புளி, சாமை, பலா ஆகியவற்றின் வியாபாரமுமாகப் பிழைக்கின்ற வட்டாரம் இது. கழிவுநீரைச் சுத்திகரிக்காத தோல் தொழிற்சாலைகளைப் பற்றி 1996 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்தது. 2008ல் அமெரிக்க வங்கிகள் சரிந்து ஏற்றுமதி ஆர்டர்கள் குறைந்தன. 2016 நவம்பரில் ரூபாய் நோட்டுகள் செல்லாமற் போயின. 2020ல் கொரோனா ஊரடங்கு வந்தது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் நாட்டுச் சரக்குகளின் மீது 50 சதவீத வரி விதித்தது. ஒவ்வொரு முறையும் அடி முதலில் பட்டறையில் விழுந்து, பிறகு வீட்டு வாசலுக்கு வந்தது.

அப்படிப்பட்ட நேரத்தில், பணம் தேவைப்படுகிறவர் எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்று பார்ப்பதில்லை. பணம் கொடுக்கிறவர் எதை வாங்கிக்கொள்கிறோம் என்று அல்லாஹ்வுக்கு அஞ்சிப் பார்ப்பதில்லை. இருவரும் ஜும்ஆவில் ஒரே ஸஃப்பில் நிற்பவர்களாகவும் இருப்பார்கள். ஆகவே ஈடு, போக்கியம், ஒத்தி, அடமானம் என்று பல பெயர்களில் வழங்கும் இவ்விஷயத்தைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

ஈடு வைப்பது மார்க்கத்தில் ஆகுமானதே. பிக்ஹு நூற்களில் இதற்கு 'ரஹ்னு' என்று பெயர். அல்பகறா அத்தியாயத்தில், கடனை எழுதிக்கொள்வதையும் இரு சாட்சிகள் வைத்துக்கொள்வதையும் விதிக்கும் நீண்ட வசனத்தை அடுத்து, பிரயாணத்தில் எழுதுபவர் கிடைக்காவிட்டால் ஈடு பெற்றுக்கொள்ளும் வழி கூறப்படுகிறது. பிரயாணத்தில் மட்டும்தானோ என்று ஐயுற வேண்டாம். நம் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனா நகரிலேயே ஒரு யூதரிடம் முப்பது ஸாஉ வாற்கோதுமைக்காகத் தங்கள் கவசத்தை ஈடு வைத்திருந்தார்கள்; அக்கவசம் ஈட்டில் இருக்கும் நிலையிலேயே வஃபாத்தானார்கள் என்பது புகாரீ ஷரீஃபில் உள்ள செய்தி. ஈருலகத் தலைவரே ஈடு வைத்திருக்க, தன் வீட்டுப் பத்திரம் ஒருவரிடம் இருப்பதை ஒரு முஸ்லிம் மானக்கேடாக நினைத்து மறைக்க வேண்டியதில்லை. உண்மையில் பாதி வீடுகள் போவது கடனால் அல்ல, கடனை மறைத்ததால்தான் என்று நமக்குத் தோன்றுகிறது.

இனி, ஈடு வைத்த வீடு யாருடையது?

அது வைத்தவருடையதே. கடன் கொடுத்தவரின் கையில் அது காப்புப் பொருளாக மட்டுமே இருக்கிறது. கடன்காரர் தவணைக்குள் பணம் கொடுக்கத் தவறினால் பொருள் உனக்கே என்று அறியாமைக் காலத்து அரபிகள் பேசிக்கொள்வார்கள். அவ்வாறு ஈட்டுப் பொருள் கடன் கொடுத்தவரிடம் மூழ்கிப் போகாது. அதன் லாபமும் உரியவருக்கே, அதன் நஷ்டமும் அவருக்கே என்னும் கருத்தில் ஹதீஸ் வந்துள்ளது. தவணை தப்பினால் விற்கலாம். விற்ற பணத்தில் கடன் போக மீதியை உடையவரிடம் ஒப்படைக்க வேண்டும். ஐந்து லட்சக் கடனுக்கு இருபது லட்ச வீட்டை அப்படியே எடுத்துக்கொள்வது ஈடல்ல, அபகரிப்பு.

நம் நாட்டுச் சட்டமும் இதில் மார்க்கத்தின் பக்கமே நிற்கிறது. 1882ஆம் வருடத்துச் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 60ஆம் பிரிவு, கடனைச் செலுத்தி அடமானத்தை மீட்கும் உரிமையைச் சொத்துக்காரருக்கு அளிக்கிறது. தவணை தப்பினால் மீட்கும் உரிமை கிடையாது என்று பத்திரத்திலேயே எழுதியிருந்தாலும் கோர்ட் அதை ஏற்பதில்லை. சுவாதீனத்தோடு கொடுத்த போக்கியத்தில், இத்தனை வருடம் கடந்துவிட்டது என்ற ஒரே காரணத்தால் மீட்கும் உரிமை அழிந்துவிடாது என்று 2014ல் சிங் ராம் வழக்கில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. பாட்டனார் காலத்துப் போக்கியத்தை, முப்பது வருடம் ஆகிவிட்டது, இனி வீடு எங்களுடையதே என்று சொல்வோர் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதே சட்டத்தின் 59ஆம் பிரிவு, அடமானப் பத்திரம் ரிஜிஸ்தர் செய்யப்பட்டு இரு சாட்சிகளின் கையெழுத்தைப் பெற்றிருக்க வேண்டும் என்கிறது. பத்திரங்களை ஒப்படைத்துப் பெறும் கடன் மட்டும் இதற்கு விலக்கு. இரு சாட்சிகள் என்ற கணக்கு நமக்குப் புதிதன்று.

அடுத்தது, நம்மவரிடையே மிகச் சாதாரணமாகிவிட்ட ஒரு காரியம். ஒருவர் மூன்று லட்சம் கொடுக்கிறார். வீட்டில் மூன்று வருடம் வாடகையின்றிக் குடியிருக்கிறார். முடிவில் மூன்று லட்சத்தையும் முழுமையாகத் திரும்பப் பெறுகிறார். போக்கியம் என்றும், ஒத்தி என்றும், இக்காலத்தில் லீஸ் என்றும் இதற்குப் பெயர். தொழுகையாளிகளும் ஹாஜிகளும் இதில் இருக்கிறார்கள். "நாங்கள் வட்டி வாங்கவில்லையே!" என்கிறார்கள். மாதம் ஐயாயிரம் வாடகை வரும் வீட்டில் மூன்று வருடம் இருந்தால் ஒரு லட்சத்து எண்பதாயிரம் ஆகிறது. அதை நோட்டாக வாங்கினால் வட்டி, குடியிருந்து கழித்தால் வட்டியில்லை என்று சொல்ல எந்த இமாம் இடம் கொடுத்தார்?

கடனைக் கொண்டு கடன் கொடுத்தவர் அடையும் நிபந்தனைப் பயன் வட்டியே என்பதில் மார்க்க அறிஞர்கள் ஒன்றுபட்டிருக்கிறார்கள். உடையவர் தாமே மனமுவந்து அனுமதித்தால் என்ன என்று ஹனஃபி நூற்களில் ஒரு விவாதம் உண்டு. அல்லாமா இப்னு ஆபிதீன் (ரஹ்) அவர்கள் அதையும் ஆராய்ந்து, மக்கள் பயனை எதிர்பார்த்தே பணம் கொடுக்கிறார்கள், வழக்கமாகிப் போனது நிபந்தனையிட்டதைப் போன்றதே என்று கூறித் தடுக்கும் பக்கமே நிற்கிறார்கள். ஷாஃபிஈ மத்ஹபிலும் ஈட்டின் பயன்கள் வைத்தவருக்கே உரியவை. சிலர் வேறொரு ஹதீஸைக் கொண்டு வருவார்கள்: ஈடு வைத்த மிருகத்தில், அதற்குத் தீனி போடும் செலவுக்கு ஈடாக, ஏறிச் செல்லலாம், பால் கறக்கலாம் என்று வந்துள்ளதே என்பார்கள். உண்மைதான், ஆனால் அது தீனிச் செலவுக்குப் பதில். வீடு புல் தின்பதில்லை.

வழி என்ன? நியாய வாடகை பேசி, மாதந்தோறும் அதைக் கொடுத்து, அட்வான்ஸைப் பாதுகாப்புத் தொகையாக மட்டும் வைப்பது. அல்லது கொடுத்த மூன்று லட்சத்திலிருந்தே மாத வாடகையைக் கழித்துக்கொண்டு, மீதியை மட்டும் திரும்பப் பெறுவது. இரண்டும் சுத்தமான குடிக்கூலி ஒப்பந்தங்கள். வாடகைக்கு வருபவருக்கு இதில் செலவு கூடும் என்பது மெய்தான். ஹலாலுக்கு விலை உண்டு.

மலைப் பக்கத்தில் மரங்களிலும் இதே கதை உண்டு. காய் பிடிக்கும் முன்பே புளிய மரத்தின் மகசூலை முன்பணத்துக்கு எழுதி வாங்கும் வியாபாரிகள் கவனிக்க: பழம் பக்குவம் காணும் முன் விற்பதை நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள், அல்லாஹ் அப்பழத்தைத் தராவிட்டால் எதற்குப் பகரமாக உன் சகோதரனின் பொருளை எடுப்பாய் என்ற கருத்தில் வினவவும் செய்தார்கள். மலைவாசி முஸ்லிம் அல்லவே என்பவருக்கு, கவசத்தை ஈடு வைத்தது யாரிடம் என்பதை நினைவூட்டுகிறோம். முறையான கொடுக்கல் வாங்கலுக்கு மதம் தடையாக இருந்ததில்லை. அநியாயத்துக்கு அது சாக்காகவும் ஆகாது.

இப்போது எல்லாவற்றிலும் ஆபத்தான ஒன்றுக்கு வருகிறோம். அவசரத்துக்குப் பணம் கேட்டு வருபவரிடம், "ஈடு எழுதினால் பின்னால் தொல்லை. கிரயமாகவே எழுதிக் கொடுத்துவிடு. பணம் வந்ததும் திருப்பி எழுதித் தருகிறேன். நம்பிக்கைதானே முக்கியம்?" என்று சொல்வது. கேட்பவர் குழந்தையின் ஆஸ்பத்திரிச் செலவையோ, மகளின் நிக்காஹ் தேதியையோ மனத்தில் வைத்துக்கொண்டு கையெழுத்துப் போடுகிறார். விலை இருபது லட்சம் என்றிருக்கும். கையில் வந்தது ஐந்து. அன்றே அந்த வீடு சட்டப்படி அவருடையதல்ல. திருப்பித் தரும் நிபந்தனை அதே கிரயப் பத்திரத்திற்குள் எழுதப்பட்டிருந்தாலொழிய அதை அடமானமாகக் கருத முடியாது என்பது 58ஆம் பிரிவின் விதி. தனித்தாளில் எழுதிய உடன்படிக்கை இருந்தால் அது வெறும் திரும்ப வாங்கும் ஒப்பந்தம். குறித்த நாள் ஒரு நாள் தப்பினாலும் உரிமை போய்விடும். வாய்ப்பேச்சுக்கோ, ரிஜிஸ்தரான பத்திரத்தின் முன் பலம் மிகக் குறைவு. கொடுத்தவர் நல்லவராகவே இருந்தாலும், அவர் இறந்துவிட்டால் அவருடைய வாரிசுகளுக்கு அந்த வாய்ப்பேச்சு தெரியுமா?

மார்க்கத்தில் இதன் நிலை என்ன? திருப்பித் தரும் நிபந்தனையோடு விற்பதற்கு 'பைஉல் வஃபா' என்று பெயர். புகாரா, பல்க் பகுதிகளின் பிற்கால ஹனஃபி அறிஞர்கள் சிலர், மக்களின் தேவையை முன்னிட்டு இதற்கு இடம் தந்ததுண்டு. மற்றவர்கள், இது விற்பனையின் உடை போர்த்திய ஈடு, இதில் பயன் அனுபவிப்பது வட்டி என்றார்கள். 1992ல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹு அகாடமியும் கூடாது என்றே முடிவு செய்தது. திருப்பித் தருவதாகச் சொல்லி எழுதி வாங்கி, விலை ஏறியதும் "கிரயம் கிரயந்தான்" என்று மறுப்பது பற்றியோ எந்த மத்ஹபிலும் இரு கருத்து இல்லை. நிர்ப்பந்தத்தில் உழல்பவனிடம் அடிமாட்டு விலைக்கு வாங்குவதைத் தடுத்து ஒரு ஹதீஸும் உண்டு. அதன் அறிவிப்புத் தொடரில் பலவீனம் இருப்பதாக முஹத்திஸுகள் கூறினாலும், கருத்தை எந்த மனச்சாட்சியும் மறுக்காது. எழுதித்தான் ஆக வேண்டுமென்றால் அடமானம் என்றே எழுதுங்கள். பொது அதிகாரப் பத்திரமும் வெற்றுத்தாளில் கையெழுத்தும் எக்காரணம் கொண்டும் வேண்டாம். மிரட்டி எழுதி வாங்கும் கந்துவட்டிக்காரருக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003லேயே தனிச் சட்டம் இயற்றப்பட்டிருக்கிறது. போலீசில் புகார் கொடுக்கத் தயங்க வேண்டாம்.

வங்கிக் கடனைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. வட்டி வாங்குபவர், கொடுப்பவர், எழுதுபவர், சாட்சிகள் அனைவருமே சாபத்துக்குரியவர் என்ற ஹதீஸ் எல்லோரும் அறிந்தது; இங்கே அதை விரிக்கவில்லை. முன்பே சிக்கிக்கொண்டவர் தவ்பாச் செய்து விரைவாக வெளியேறுவதே கடமை. வெளியேற, கணக்கு தெரிய வேண்டும். பத்து லட்சம், 9 சதவீதம், இருபது வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 8,997 ரூபாய். முதல் மாதத்தில் அதில் 7,500 வட்டிக்கே போகிறது; அசலில் கழிவது 1,497 தான். முடிவில் கட்டியிருப்பது ஏறக்குறைய இருபத்தொன்றரை லட்சம்.

2020ல் ரிசர்வ் வங்கி மார்ச் முதல் ஆகஸ்ட் வரை ஆறு மாதம் தவணையை நிறுத்திவைக்க அனுமதித்தபோது பலர் அதைத் தள்ளுபடி என்றே எண்ணினார்கள். வட்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. அந்த ஆறு மாதத்தில் வட்டிக்கு வட்டி கூடாது என்று 2021 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட் சொல்லிச் சற்று இளைப்பாற்றியது. ஆனாலும் சாதாரணமாக, மேற்சொன்ன கடனின் ஆரம்பத்தில் ஆறு மாதம் நிறுத்தி, தவணைத் தொகையை உயர்த்தாமல் தொடர்ந்தால், 240 தவணைக்குப் பதில் சுமார் 275 தவணை கட்ட வேண்டிவரும். அவகாசம் தரும் வேளையில் கூட வட்டி தன் வேலையை நிறுத்துவதில்லை. இயலாத கடன்காரனுக்கு வசதி வரும்வரை அவகாசம் கொடுங்கள், விட்டுக்கொடுத்தால் அது இன்னும் மேல் என்று திருமறை போதிக்கும் அவகாசத்துக்கும் இதற்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள்.

தவணை 90 நாள் தவறினால் கணக்கு வாராக்கடனாகிறது. பிறகு 2002ஆம் வருடச் சட்டப்படி வங்கி 60 நாள் நோட்டீஸ் அனுப்பும். அந்த நோட்டீஸைப் பீரோவில் வைத்துப் பூட்டுவதுதான் நம் வீடுகளில் நடக்கும் முதல் தவறு. அதற்கு எழுத்து மூலம் ஆட்சேபணை அனுப்பினால் வங்கி 15 நாளில் பதில் தர வேண்டும். வீட்டைச் சுவாதீனம் எடுத்தால் 45 நாட்களுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்தை அணுகலாம். முக்கியமானது இது: 2016ல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, பணம் முழுவதையும் கட்டி வீட்டை மீட்கும் உரிமை ஏல அறிவிப்பு வெளியாகும் வரைதான். ஏல நாளன்று பணத்தோடு ஓடினால் பயனில்லை என்பதை 2023ல் சுப்ரீம் கோர்ட்டும் உறுதி செய்தது. விவசாய நிலத்தை இச்சட்டத்தின் கீழ் எடுக்க முடியாது. ஏலத்தில் கடனுக்கு மேல் வந்த தொகை சொத்துக்காரருடையது. கேட்டு வாங்க வேண்டும்.

ஆகவே காலம் இருக்கும்போதே ஒரு பகுதியையோ, வேறொரு மனையையோ விற்று அடைப்பது நல்லது. வீட்டையும் நிலத்தையும் விற்று அதன் பணத்தை அதைப்போன்றதில் போடாதவருக்கு அதில் பரக்கத் இராது என்ற ஹதீஸைச் சொல்லித் தடுக்கும் பெரியோர் உண்டு. விற்று உண்டு தீர்ப்பவருக்கு அந்த எச்சரிக்கை பொருந்தும். கடன் தீர்க்க விற்பது வேறு. முஆது இப்னு ஜபல் (ரலி) அவர்கள் கடனில் மூழ்கியபோது அவர்களின் சொத்தை நாயகம் (ஸல்) அவர்களே விற்றுக் கடன்காரர்களுக்குக் கொடுத்ததாக அறிவிப்பு இருக்கிறது. ஜுஹைனா கூட்டத்து உஸைஃபிஉ என்பவர், ஹாஜிகளுக்கெல்லாம் முந்திச் சேர்ந்தார் என்ற பெயருக்காக அதிக விலையில் கடனுக்கு ஒட்டகம் வாங்கி வாங்கியே நொடித்துப் போனார். உமர் (ரலி) அவர்கள் மக்கள் முன் அதை அறிவித்து, அவர்மீது கடன் உள்ளோர் காலையில் வாருங்கள், சொத்தைப் பங்கிடுகிறோம் என்றார்கள். முவத்தாவில் இது உள்ளது. தவணையில் மாடி மேல் மாடி எழுப்புகிறவர்கள் உஸைஃபிஉவின் ஒட்டகத்தை மறக்க வேண்டாம்.

கடன் கொடுத்தவர்களுக்கும், மஹல்லாவை நடத்தும் ஜமாஅத்தார்களுக்கும் இனிச் சொல்ல வேண்டியிருக்கிறது. கஅபு இப்னு மாலிக் (ரலி) அவர்கள் தமக்கு வரவேண்டிய கடனைப் பள்ளிவாசலிலேயே கேட்டு, இருவர் குரலும் உயர்ந்தபோது, நாயகம் (ஸல்) அவர்கள் அறையின் திரையை விலக்கி வந்து, பாதியைக் குறைத்துவிடும்படி கையால் சைகை செய்தார்கள். அவர் அப்படியே ஒப்புக்கொண்டார். உடனே மற்றவரைப் பார்த்து, எழுந்து மீதியைக் கொடுக்கச் சொன்னார்கள். இரு பக்கமும் கட்டளை இருந்தது என்பதைக் கவனியுங்கள்: ஒருவருக்கு விட்டுக்கொடு என்று, மற்றவருக்கு உடனே கொடு என்று. இன்னொருவர் வாங்கிய பழங்கள் அழிந்து பெருங்கடனாளியானபோது, அவருக்குத் தர்மம் செய்யும்படி மக்களிடம் கேட்டார்கள். திரண்டது போதவில்லை. கடன்காரர்களிடம், கிடைத்ததை எடுத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் உங்களுக்கில்லை என்றார்கள். தலாக் விவகாரத்துக்கும் பாகப்பிரிவினைக்கும் கூடும் ஜமாஅத், வீடு ஏலத்துக்குப் போகும் குடும்பத்துக்காக ஏன் ஒரு மாலை கூடக் கூடாது? 2008 செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் விழுந்தபோது, வீட்டுக் கடன்கள் கைமாறிக் கைமாறி, யார் வீட்டின் மீது யார் கடன் என்பதே தெரியாமல் போயிருந்தது. நம் மஹல்லாவில் அந்தச் சிரமமில்லை. எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும்.

பணத்துக்கு எங்கே போவது என்பார்கள். ஜகாத் பெறும் எட்டு வகையினரில் கடன்பட்டோரும் உள்ளனர். சொந்த வீட்டில் இருப்பவருக்கு எப்படி ஜகாத் என்ற கேள்வி வரும். குடியிருக்கும் வீடு அடிப்படைத் தேவையில் சேர்ந்தது. கடன் போக நிஸாபு அளவு பொருள் இல்லாதவர் ஜகாத் பெறலாம். வரவேண்டிய கடனைத் தள்ளுபடி செய்து அதையே தம் ஜகாத்தாகக் கணக்கிடுவது மட்டும் ஹனஃபி மத்ஹபில் செல்லாது. ஜகாத்தை அவர் கையில் கொடுத்து உடைமையாக்கி, பிறகு அவரிடமிருந்து கடனைப் பெற்றுக்கொள்ளலாம். வட்டியில்லாக் கடன் நிதிகளும் வேண்டும். ஆனால் மாதாமாதம் கொழுத்த லாபம் தருவதாகச் சொல்லும் இடம் வேண்டாம். 2019 ஜூனில் பெங்களூரின் ஐ.எம்.ஏ. நிறுவனம் சரிந்தபோது, ஹலால் முதலீடு என்று நம்பி ஆயிரக்கணக்கான முஸ்லிம் குடும்பங்கள் போட்ட பணம் முடங்கியது.

கடனை அடைத்தவர் பத்திரத்தை அன்றே கேளுங்கள். 2023 டிசம்பர் 1 முதல் வங்கிகள் 30 நாட்களுக்குள் மூலப்பத்திரத்தைத் திருப்பித் தர வேண்டும், அவர்களால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் நஷ்டஈடு என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. கடன் தீர்ந்த ரசீதையும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்து வில்லங்கச் சான்று எடுத்துப் பாருங்கள். நம் வாரிசுகளுக்கு நாம் விட்டுச்செல்லும் வீட்டில் பழைய வில்லங்கம் நிற்கக்கூடாது.

கடன் தீராமலே ஒருவர் இறந்தால், பாகப்பிரிவினைக்கு முன் கடனே முதலில். அது கட்டாய நியதி. அந்த ஈட்டு வீடு கடன் தீரும் வரை பங்கிடப்படாது. ஒரு சமயம் இரண்டு தீனார் கடனுள்ள ஒருவரின் ஜனாஸா வந்தபோது, நாயகம் (ஸல்) அவர்கள் தாமே தொழவைக்க முன்வரவில்லை. அபூகதாதா (ரலி) அவர்கள் அவ்விரண்டு தீனாரும் தம் பொறுப்பு என்றதும் தொழவைத்தார்கள். மறுநாள் அவரைக் கண்டு, அந்த இரண்டு தீனார் என்னவாயிற்று என்று கேட்டார்கள். அவர் நேற்றுத்தானே இறந்தார் என்றார் அபூகதாதா. அதற்கடுத்த நாளும் கேட்டார்கள். கொடுத்துவிட்டேன் என்று அவர் சொன்ன பிறகே, இப்போதுதான் அந்த மனிதரின் மேனி குளிர்ந்தது என்னும் கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் மொழிந்தார்கள்.